வசூல் கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது. அப்பா பெயரில் உள்ள வீடு போய்விடுமா?

கேள்வி: தறிக்காரன், குமாரபாளையம்

எல்லோருக்கும் வணக்கம். நான்கு விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தவன் நான். 2019-இல் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 3,80,000 ரூபாய் தனிநபர் கடன் வாங்கினேன். அடமானம் எதுவும் கொடுக்கவில்லை. கொரோனா வந்தது, பாவு நின்றுபோனது, தறிகளை இரும்பு விலைக்கு எடைபோட்டுக் கொடுத்தேன். 2021 ஜனவரிக்குப் பிறகு ஒரு தவணையும் கட்ட முடியவில்லை. இப்போது வேறொருவர் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன்.

அந்த நிறுவனம் என் கடனை ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டதாம். அவர்கள் 2024 டிசம்பரில் முன்சீப் கோர்ட்டில் வழக்குத் தாக்கல் செய்திருக்கிறார்கள். சம்மன் போன வாரம்தான் கைக்கு வந்தது. வட்டி, தண்ட வட்டி எல்லாம் சேர்த்து 7,12,000 ரூபாய் கேட்கிறார்கள். வசூலுக்கு வரும் ஆள் வாசலில் நின்று, "அடுத்த மாதம் வீட்டுக்குப் பூட்டு விழும், சாமான்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது. அன்றிலிருந்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

வீடு இரண்டே முக்கால் சென்ட் நத்தம். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தார்சு. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது; பட்டாவும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2016-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அப்பாவைப் பெற்ற பாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆக வாரிசு அம்மா, நான், சித்தோட்டில் கட்டிக்கொடுத்திருக்கும் தங்கை, மூன்று பேர்தான்.

தங்கை தன் பாகத்தை எனக்கே விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை இந்த மாதம் முடித்துவிட்டு, முழு வீட்டையும் என் மனைவி பெயருக்குத் தான செட்டில்மெண்டு செய்துவிடு, அப்புறம் யாரும் தொட முடியாது என்கிறார் மாமா. பட்டறை முதலாளியோ, மூன்று வருடம் தாண்டிய கடனுக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை, சம்மனைத் தூக்கிப் போடு என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சென்னிமலைக்காரர்

எங்கள் பெரியப்பா வீட்டை இப்படித்தான் ஒரு புரோநோட்டு வழக்கில் ஜப்திக்குக் கொண்டுவந்தார்கள். அவர் விவசாயி. விவசாயி குடியிருக்கும் வீட்டைப் பணத் தீர்ப்புக்காக ஜப்தி செய்யக்கூடாது என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 60-ஆவது பிரிவில் இருக்கிறது. சிட்டா, அடங்கல், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் வக்கீல் தாக்கல் செய்தார், வீடு தப்பியது. உங்களுக்கு நிலம் உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற அமீனா

தம்பி, நான் கோர்ட்டில் அமீனாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜப்தி உத்தரவை வீட்டுக் கதவில் ஒட்டுவதும் ஏலம் கூறுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, அடுத்த மாதம் உங்கள் வீட்டுக்குப் பூட்டு விழாது. வழக்கு நடந்து தீர்ப்பு வர வேண்டும். பிறகு தீர்ப்புப் பணத்தை வசூலிக்க அவர்கள் நிறைவேற்றுதல் மனுப் போட்டு, கோர்ட்டு ஜப்திக்கு உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவோடு அமீனா வந்தாலும் தண்டோரா போடுவார், கதவில் ஒரு தாளை ஒட்டுவார், அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவார், போய்விடுவார். இந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்பதுதான் அந்தத் தாளில் இருக்கும். குடியிருப்பவரை வெளியேற்றும் உத்தரவு அது இல்லை. நான் மைதாப் பசையைக் கலக்கி முடிப்பதற்குள், ஒரு வீட்டில் குத்துவிளக்கிலிருந்து சோற்றுப்பானை வரைக்கும் தெருவில் எடுத்து வைத்துவிட்டார்கள். வசூல்காரன் முன்கூட்டியே வந்து அப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தான். எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஒட்டினேன். வசூல்காரனுக்கு உங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் அதிகாரம்கூடக் கிடையாது.

இனி தம்பிக்கு.

சம்மனைத் தூக்கிப் போடச் சொன்னவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் அதைவிடக் கெடுதலான யோசனை இல்லை. நான் ஒட்டிய ஜப்திகளில் பெரும்பாலானவை பிரதிவாதி கோர்ட்டுக்கே வராமல் ஆன ஒருதலைத் தீர்ப்புகள். வராதவன் வீட்டில் கேள்வி கேட்பார் இல்லாமல் எல்லாம் நடந்து முடிந்துவிடும். சம்மனில் போட்டிருக்கும் தேதியில் வக்கீல் வைத்து வக்காலத்து தாக்கல் செய்யுங்கள். சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வழக்குக்கு உங்கள் எழுத்துப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள்வரை கோர்ட்டு அனுமதிக்கும். சம்மனில் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளை என்று போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அது சுருக்க விசாரணை வழக்கு; பத்தே நாளில் ஆஜராக வேண்டும். ஒருவேளை ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டாலும் 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று வருடக் கணக்கு. பொதுவாக அது சரிதான். ஆனால் கொரோனாவை முன்னிட்டு 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் காலவரம்பில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. நீங்கள் தவணை நிறுத்தியது அந்தக் காலத்துக்குள்ளே விழுகிறது. ஆகவே உங்களுக்கு மூன்று வருடம் 2022 மார்ச்சில்தான் தொடங்குகிறது. அவர்கள் 2024 டிசம்பரிலேயே தாக்கல் செய்துவிட்டார்கள். சம்மன் தாமதமாக வந்தது கணக்கில் வராது. தாக்கல் செய்த தேதிதான் கணக்கு. இந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாதீர்கள்.

வழக்காட வேண்டிய இடம் வேறு. வாங்கிய கடனை வாங்கவில்லை என்று சொல்ல வேண்டாம். கடனை விற்றதற்கான ஆவணத்தில் உங்கள் கடன் கணக்கு எண் இருக்கிறதா? நீங்கள் கட்டிய தவணை எல்லாம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா? தண்ட வட்டிக்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா? அச்சடித்துக் கொண்டுவரும் கணினிக் கணக்குக்குச் சட்டம் கேட்கும் சான்று இணைத்திருக்கிறார்களா? இவற்றைக் கேட்டாலே 7,12,000 இறங்கும். அதோடு, தொகையைத் தவணையில் கட்ட அனுமதிக்கும்படி தீர்ப்புக்கு முன்பே கேளுங்கள். தீர்ப்பு எழுதும்போது கோர்ட்டே தவணை கொடுக்கலாம். தீர்ப்பு ஆனபிறகு கேட்டால் எதிர்த் தரப்பின் சம்மதம் வேண்டும்.

வீட்டு விஷயம். சென்னிமலைக்காரர் சொன்னது உண்மை. அந்தப் பிரிவு விவசாயி வீட்டோடு, தொழிலாளி தான் குடியிருக்கும் சொந்த வீட்டையும் காப்பாற்றுகிறது. நீங்கள் இப்போது கூலிக்குத் தறி ஓட்டுகிறவர் என்பதால், அந்தப் பாதுகாப்பைக் கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மற்றவர்களுக்கும் குடியிருக்கும் முக்கிய வீட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. அங்கே 60-ஆவது பிரிவைத் திருத்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கடைக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இது மாற வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இன்று சட்டம் இப்படித்தான் இருக்கிறது.

அதோடு உங்களைக் காப்பாற்றப் போவது உங்கள் அப்பா உயில் எழுதாமல் போனதும்தான். அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் மூன்றில் ஒரு பாகம். உங்கள் கடனுக்கு உங்கள் பாகம் மட்டுமே பொறுப்பு. அதனால் தங்கை விடுதலைப் பத்திரம் எழுதவே கூடாது, தம்பி. இப்போது எழுதினால் அவருடைய பாகமும் உங்கள் பெயருக்கு வந்து கடன்காரன் கைக்கு எட்டிவிடும். பாசத்தில் செய்கிறார், தெரிகிறது. இன்றைக்கே போன் செய்து நிறுத்துங்கள்.

மாமா சொன்ன செட்டில்மெண்டும் வேண்டாம். கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த சொத்து மாற்றத்தை ரத்து செய்ய, சொத்து மாற்றச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. சம்மன் வந்த மாதத்தில், காசு வாங்காமல் மனைவிக்கு எழுதிக் கொடுத்தால் எந்த நீதிபதியும் அதை வேறு விதமாகப் பார்க்க மாட்டார். முத்திரைத்தாள் செலவும் போகும், உங்கள் நாணயமும் போகும்.

உங்கள் பாகம் ஏலத்துக்கே போனாலும், எடுக்கும் வெளியாள் நேராக வந்து கூடத்தில் உட்கார முடியாது. குடும்பம் வாழும் வீட்டில் பிரிபடாத பாகத்தை வாங்கிய அந்நியருக்குச் சேர்ந்து குடியிருக்கும் உரிமை கிடையாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். போட்டால், 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி அம்மாவோ தங்கையோ அந்தப் பாகத்தைக் கோர்ட்டு நிர்ணயிக்கும் விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். இந்த வில்லங்கம் தெரிந்தால் ஏலம் கேட்க ஆள் வருவது கஷ்டம். வசூல் கம்பெனியின் வக்கீலுக்கும் இது தெரியும். நீங்கள் சமரசம் பேச உட்காரும்போது உங்கள் பக்கம் இருக்கும் பலம் இது. தவறிப்போய் முழு வீட்டையும் ஜப்தியில் சேர்த்துவிட்டால், அம்மாவும் தங்கையும் கட்டளை 21 விதி 58-இன் கீழ் உரிமை கோரும் மனுப் போட்டுத் தங்கள் பாகங்களை விடுவிக்கலாம். வாரிசுச் சான்றிதழையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

தறிக்காரன்

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒட்டிவிட்டுப் போய்விடுவாராமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தங்கையிடமும் பேசிவிட்டேன், பத்திர எழுத்தரிடம் கொடுத்திருந்த ஆதார் நகலைத் திரும்ப வாங்கிவிட்டாள்.

பிராதுக் கட்டை வக்கீலிடம் காட்டியபோது இன்னொன்று தெரிந்தது. நான் வீட்டை விற்றுவிட்டு ஓடப் பார்க்கிறேன் என்று சொல்லி, தீர்ப்புக்கு முன்பே வீட்டை ஜப்தி செய்யக் கேட்டு ஒரு மனுவும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். நான் எங்கே ஓடுகிறேன்? அம்மாவை விட்டுவிட்டு எங்கே போவேன்? அப்புறம், பட்டறைக் கூலியையும் பிடித்துவிடுவார்களா?

ஓய்வுபெற்ற அமீனா

கூலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு பகுதியைப் பிடிக்கலாம். தொழிலாளியின் கூலியை அதே 60-ஆவது பிரிவு முழுவதுமாகக் காப்பாற்றுகிறது. வேலை தெரிந்த தொழிலாளியும் அதில் அடக்கம். சமையல் பாத்திரம், படுக்கை, உடுப்பு, உங்கள் மனைவி கழுத்துத் தாலி, இவற்றையும் யாரும் தொட முடியாது.

அந்த மனு கட்டளை 38 விதி 5. மாமா பேச்சைக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அவர்கள் சொல்வதை நீங்களே நிரூபித்த மாதிரி ஆகியிருக்கும். இப்போது உங்கள் வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. அதை எடுத்துப் பதிலுரையோடு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். கடனுக்கு ஈடு இல்லை என்பதற்காக இந்த விதியை வைத்து ஈடு உண்டாக்கிக்கொள்ள முடியாது என்று 2008-இல் ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொத்தைக் கடத்தும் எண்ணம் இருக்கிறது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

பதில்: கோவை வாசகர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே மாதிரி கடனில் என் தம்பிக்குச் சம்மனே வரவில்லை. வெளியூரிலிருந்து ஒரு "நடுவர்" (கோர்ட்டுக்கு வெளியே வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்) அனுப்பிய கடிதம் வந்தது. விளம்பரக் கடிதம் என்று நினைத்து வீட்டில் யாரும் பிரிக்கவில்லை. அந்த நடுவர் கொடுத்த தீர்ப்பைக் கோர்ட்டுத் தீர்ப்பு போலவே நிறைவேற்ற வந்துவிட்டார்கள். கடன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் நடுவர் தீர்ப்பாயம் பற்றி எழுதியிருந்ததாம். கடன் கொடுத்த தரப்பே தன்னிச்சையாக ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அடிப்படையில்தான் இப்போது எதிர்த்துக்கொண்டிருக்கிறோம். நடுவர் தீர்ப்பு கைக்கு வந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எதிர்க்க வேண்டும். அதற்குமேல் 30 நாள்தான் கோர்ட்டு பொறுத்துக்கொள்ளும். இதைப் படிக்கும் மற்றவர்கள் வரும் கடிதம் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள்.

பதில்: சட்ட உதவித் தன்னார்வலர்

தம்பி, வட்டச் சட்டப் பணிகள் குழு அநேகமாக உங்கள் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும். இல்லாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறார்கள். அம்மாவும் தங்கையும் உரிமை கோரும் மனுப் போட நேர்ந்தால் அவர்களுக்குச் செலவே இல்லை. உங்கள் கூலி வருமானத்துக்கு நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

எதிருரை தாக்கல் செய்தபிறகு வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேளுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம். உங்கள் ஆட்சேபணை கோர்ட்டுக் கட்டில் ஏறியபிறகு உட்கார்ந்தால்தான் பேச்சில் எடை இருக்கும். அங்கே நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று. மேசையைச் சுற்றி எல்லோரும் கனிவாகப் பேசுவார்கள், அந்த நிம்மதியில் மாதம் 20,000 கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் நேராக நிறைவேற்றுதல் மனுதான். தறிக்கூலியில் வீட்டுச் செலவும் அம்மாவின் மருந்தும் போக எவ்வளவு மிஞ்சும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள். 4,000தான் முடியும் என்றால் 4,000 என்று சொல்லுங்கள். முன்பணமாக ஒரு தொகை புரட்ட முடிந்தால் தள்ளுபடி கூடுதலாகக் கிடைக்கும்.

தறிக்காரன்

அக்கா, மாதம் ஐயாயிரம் என்னால் முடியும். தங்கை வீட்டுக்காரர் ஐம்பதாயிரம் கைமாற்றாகத் தருகிறேன் என்கிறார்.

ஐயா, கடைசியாக இரண்டு கேள்வி. நேற்று வசூல்காரர் மறுபடி வந்து, "கோர்ட்டெல்லாம் எதற்கு, என் கையில் பத்தாயிரம் கொடு, வழக்கைத் தள்ளி வைக்கிறேன்" என்றார். கொடுக்கலாமா? சமரசம் கூடவில்லை, தீர்ப்பும் எதிராகிவிட்டது என்றால் அதற்குப் பிறகு வழியே கிடையாதா?

ஓய்வுபெற்ற அமீனா

அவர் கையில் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வழக்கைத் தள்ளிவைக்க அவர் யார்? இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு கோர்ட்டுக்கு வெளியே கட்டும் பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். கட்டளை 21 விதி 2. எதிர்த் தரப்பு பதியாவிட்டால் நீங்களே 30 நாளுக்குள் மனுப் போட்டுப் பதியலாம். பதியாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட்டு கணக்கில் எடுக்காது. நான் ஜப்திக்குப் போன ஒரு வீட்டில் ஓர் அம்மா அரிசி டப்பாவிலிருந்து ஒரு கட்டுத் துண்டுச்சீட்டை எடுத்துவந்து நீட்டினார். எல்லாம் வசூல்காரன் எழுதிக் கொடுத்தவை: தேதி, தொகை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. சீட்டை எல்லாம் கூட்டினால் கடனில் பாதிக்கு மேல் வந்தது. கோர்ட்டுக் கட்டில் அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. என்னால் செய்ய முடிந்தது அவரை அன்றைக்கே வக்கீலிடம் அனுப்பியதுதான். நீங்கள் வங்கி வழியாக வாதியின் கணக்குக்குக் கட்டுங்கள், அல்லது கோர்ட்டில் டெபாசிட் செய்யுங்கள். வக்கீல் மூலம் பதிவு செய்யுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகும் வழி இருக்கிறது. ஜப்தி ஆனதும் ஏல அறிவிப்புக்கு முன்னால் உங்களுக்கு நோட்டீஸ் வரும். அதை வாங்கிக்கொண்டு போய் வீட்டின் மதிப்பை நீங்களும் சொல்லுங்கள். போகாவிட்டால் அவர்கள் எழுதிய விலைதான் அறிவிப்பில் ஏறும். கடனை அடைக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே விற்க வேண்டும், முழுச் சொத்தையும் அள்ளக் கூடாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் அதே கட்டளை 21-இன் விதி 64-ஐ வைத்துத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடமானம் வைத்தோ பாகத்தைக் குடும்பத்துக்குள்ளேயே விற்றோ பணம் புரட்ட முடியும் என்று காட்டினால், விதி 83-இன் கீழ் கோர்ட்டு ஏலத்தைத் தள்ளிவைத்து அதற்கு அனுமதி தரும். தங்கை வீட்டுக்காரர் உதவ விரும்பினால் அந்தக் கட்டத்தில் உதவட்டும். உங்கள் பாகத்தை நியாய விலைக்குக் கோர்ட்டு அனுமதியோடு தங்கையே வாங்கலாம். ஏலமே முடிந்துவிட்டாலும் 60 நாள் இருக்கிறது. ஏல அறிவிப்பில் கண்ட தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கட்டினால் ஏலம் ரத்தாகும். அதுவரைக்கும் போக வேண்டாம் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தறிக்காரன்

சரி ஐயா. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வில்லங்கச் சான்றுக்கும் பணம் கட்டிவிட்டேன். அம்மா கோர்ட்டுக்கு வர வேண்டுமா என்று கேட்கிறார். அவருக்குப் படி ஏற முடியாது.

ஓய்வுபெற்ற அமீனா

வர வேண்டாம். அவர் இந்த வழக்கில் பிரதிவாதியே இல்லை. உங்களுக்கும் எல்லா வாய்தாவுக்கும் வேலை இல்லை, வக்கீல் ஆஜரானால் போதும். சாட்சி சொல்லும் நாளிலும் சமரசப் பேச்சு நாளிலும் நீங்கள் தவறாமல் இருக்க வேண்டும். வழக்கின் பதினாறு இலக்க எண்ணை வக்கீலிடம் வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுவையுங்கள். அடுத்த வாய்தா எப்போது, என்ன நடந்தது என்று பட்டறையில் இருந்தே பார்க்கலாம். எதிருரை தாக்கல் ஆனதும் இங்கே எழுதுங்கள்.